நியூயார்க்கில் நாற்காலி போட்டு அமர்ந்த கோலாலம்பூர் வழக்கறிஞர்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ராதாகிருஷ்ண ரமணி யார் என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். கோலாலம்பூர் நீதிமன்றங்களில் வாதாடியவர். 1960களில் ஐநாவில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி.

அப்போது பாதுகாப்பு மன்றத்தில் 11 இடங்கள்தான். தீர்மானம் நிறைவேற 7 வாக்கு போதும், ஆனால் நிரந்தர உறுப்பினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. 1964 செப்டம்பரில் ஜொகூர் மாநிலத்தின் லாபிஸில் இந்தோனேசியப் படையினர் பாராசூட்டில் இறங்கிய விவகாரம் பற்றிய தீர்மானம் அதனால்தான் கவிழ்ந்தது: ஆதரவு 9, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரில் ஒருவர் நிரந்தர உறுப்பினரான சோவியத். கதை முடிந்தது.

மறுவருடம் மலேசியாவே மன்றத்துக்குள் வந்தது. ஈராண்டுப் பதவியை செக்கோஸ்லோவாக்கியாவோடு பங்கு போட்டதால் கிடைத்தது 1965 மட்டுமே. அதைப் பொறுக்காமல் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ ஐநாவை விட்டே வெளியேறினார்.

மன்றத்தின் தலைமைப் பதவிக்குத் தேர்தல் கிடையாது. ஆங்கில அகரவரிசையில் மாதம் ஒரு நாடு. ஜோர்டானுக்கு அடுத்து மலேசியா, அதாவது மே மாதம். டொமினிக்கன் குடியரசில் அமெரிக்கப் படைகள் இறங்கியிருந்த நேரம்! மே 14 அன்று, போர் நிறுத்தம் கோரும் 203ஆம் தீர்மானம் ரமணியின் தலைமையில் ஒருமனதாக நிறைவேறியது. அதை முன்மொழிந்த மூன்று நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒரே பக்கம் கை தூக்கும்படி வாசகம் அமைவது லேசுப்பட்ட காரியமா? ஒரு சொல் காரமானால் வீட்டோ எனும் தடை வாக்கு, நீர்த்துப்போனால் வெறும் காகிதம்.