கீரைக் கணக்கு

ரெட்டிச்சாவடி தாண்டியதும் பக்கத்து சீட் அக்கா கட்டைப்பையிலிருந்து ஒரு 40 பக்க நோட்டை எடுத்தார்.

உள்ளே பால் கணக்கு மாதிரி வரிசையாக எண்கள். 2.4, 3.1, 1.8. அந்த 1.8-ஐச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“முருங்கைக்கீரை, தம்பி. நாத்தனார் வீட்டுல நாலு நாள் தங்கினேன். ஆசையா செஞ்சு போட்டுட்டாங்க.”

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவர் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. அப்புறம் துடிப்பும் தாளம் தப்பியது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை; கீரை கூடினால் அதன் வேலை குறையும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கத்தான் மாதாமாதம் கடலூரிலிருந்து ஜிப்மர்.

“புது மாத்திரை போட்டா ரத்தம் எடுக்க வேண்டாமாமே?”

24 நாடுகளில், நம் நாட்டையும் சேர்த்து, 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைத்தான் சோதித்தார்கள். இன்விக்டஸ் ஆய்வு. பெரும்பாலானவர்களுக்கு இதே வால்வுச் சுருக்கம். புதிய ரிவராக்சபான் பழசுக்கு ஈடுகொடுக்கும் என்று நம்பித்தான் இறங்கினார்கள். 2022-ல் முடிவு வந்தபோது, வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவு. பெரிய ரத்தக்கசிவும் அவர்களுக்குக் கூடுதலாக இல்லை.

எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். நோட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“கீரையை நிறுத்தச் சொல்லல தம்பி. ஒரே அளவா சாப்பிடச் சொல்றாங்க. அதை நாத்தனார்கிட்ட யாரு சொல்றது?”