உள்பக்கத் தாழ்ப்பாள்

2023 ஜூன் 5, திங்கட்கிழமை. பிரசவ விடுப்பு முடிந்து ஆபீசுக்குப் போன முதல் நாள். காலை பதினொன்றே காலுக்கு, தாய்ப்பால் எடுக்கும் பம்பும் கையுமாக நான் நின்ற இடம் சர்வர் ரூம். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார நாற்காலி கிடையாது. கேபிள் சுருள் அடைத்த ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ஆரம்பித்த நாலாவது நிமிடம், ஐடி பையன் கதவைத் தட்டினான். “மேம், ஒரு ஸ்விட்ச் ரீஸ்டார்ட் பண்ணணும், ஆச்சுங்களா?” அன்று கிடைத்தது 30 மில்லி. வீட்டில் அதே நேரத்துக்கு 100 வரும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி 26 வாரம் விடுப்பு. எனக்குக் கால் வீங்கி மின்சார ரயிலில் ஏற முடியாமல் போனதால், அதில் மூன்று வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. ஆக, வேலைக்குத் திரும்பும்போது மகளுக்கு ஐந்து மாதம் பத்து நாள். டாக்டரோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார். நடுவில் இருக்கும் மூன்று வாரத்தை யார் தலையில் கட்டுவது? அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் அண்ணிக்கு இந்தக் கவலை இல்லை. தமிழக அரசு 2021-லேயே தன் ஊழியர்களுக்கு இதை ஒரு வருஷமாக்கிவிட்டது. நான் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். பொறாமைப்பட்டு என்ன செய்ய.

வீட்டுப்பக்க ஏற்பாடெல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்துவிட்டார். மகள் பாட்டிலைத் துப்பினாள், பாலாடையில் குடித்தாள். சரி, பாலாடையே போதும் என்று விட்டுவிட்டோம். காலை முதல் ஊட்டலுக்கு அப்புறம் ஒரு முறை பம்ப் செய்து ஃப்ரீசரில் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருந்தேன். பம்போடு வரும், மார்பில் பொருத்தும் புனல் 24 மில்லிமீட்டர். எனக்கு அது பெரிது என்று புரியவே பத்து நாள் வலியோடு ஓடியது. 21 வாங்கிப் போட்டதும் வலியும் போனது, பாலும் கூடியது. பம்ப் சரியில்லை என்று திட்டுவதற்கு முன் புனல் அளவைப் பாருங்கள்.

இனி ஆபீஸ்.

திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எச்ஆருக்கு மெயில் போட்டிருந்தேன்: தினம் இரண்டு தடவை பம்ப் செய்ய ஒரு மூடிய அறை வேண்டும், அவ்வளவுதான். ‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. அதை நம்பிப் போனது என் தப்பு. அறை எண்ணும் நேரமும் எழுதி வராதவரை எந்த மெயிலையும் ‘ஓகே’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்வர் ரூம் கதைக்கு மறுநாள் நேரில் போனேன். எச்ஆரில் இருந்தது என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். கெட்ட பெண் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு பாலிசி டாக்குமெண்ட் வேண்டும் அவளுக்கு. அப்போது நடப்பில் இருந்த பிரசவ நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள்.

“மேம், இதுல குழந்தைக்கு நர்ஸ் பண்றதுக்குன்னுதானே போட்டிருக்கு? பம்ப் பண்றதுக்குன்னு இல்லையே? பேபி இங்க இல்லையே.”

நியாயம்தான், சட்டத்தில் பம்ப் என்ற சொல் இல்லை. எனக்கு அழுகை வர வேண்டிய இடம். ஏனோ அன்றைக்குக் கோபம் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 2017-இல் சேர்த்த 11ஏ. ஐம்பது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும்; தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம். எங்கள் ஆபீசில் நூற்று நாற்பது பேர்.

“சரிம்மா. நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன். நம்ம க்ரெச் எந்த ஃப்ளோர்?”

அரை நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் “டை-அப் இருக்கு மேம்” என்றாள். எங்கே என்றால் வேளச்சேரியில். கிண்டியிலிருந்து நாலு தடவை வேளச்சேரி போய் வந்தால் நான் வவுச்சர் போடுவது எப்போது? அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் நகர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ‘இரண்டு இடைவேளை, தலா பதினைந்து நிமிடம், சிக் ரூம்’ என்று அன்று மாலையே மெயில் வந்தது.

பதினைந்து நிமிடம் என்பதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் பம்ப் செய்யாதவர்கள். பால் எடுக்க இருபது. அதற்கு முன்பும் பின்பும் கழுவ, பூட்ட, பிரிக்க, துடைக்கப் பதினைந்து. கழுவும் வேலையைக் குறைக்க இரண்டாவது செட் ஒன்று வாங்கினேன். முதல் இடைவேளைக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, இரண்டையும் வீட்டில் போய்க் கழுவிக் கொதிக்க வைப்பது. மீதி நேரத்தை மதியச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சிக் ரூமில் கட்டில் இருந்தது, ஃபேன் இருந்தது, பிளக் பாயிண்ட் இருந்தது. தாழ்ப்பாள் இல்லை. யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் கதவைத் திறக்க முடியாது என்று போன வருஷம் கழற்றிவிட்டார்களாம். சாவி கீழே செக்யூரிட்டியிடம். அந்தச் சாவியாலும் வெளியிலிருந்துதான் பூட்டலாம்.

அட்மின் மேனேஜரிடம் போனேன். ஐம்பத்தைந்து வயது மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர். நான் பேசிய நேரம் முழுக்க மேஜைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த மேட்டருக்கு மேடம்... ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா அப்ரூவலுக்குப் போட்டுடலாம்.” தாழ்ப்பாளுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்! பஸ் ஸ்டாண்டிலேயே 2015-லிருந்து பாலூட்டும் அறை இருக்கிறது சார், அங்கே யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை என்று சொன்னேன். “அது கவர்மெண்டு மேடம்” என்றார், காலண்டரிடம்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஹவுஸ்கீப்பிங் அக்கா. கதவில் ஒட்டியிருந்த ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ காகிதத்தை யாரும் படிப்பதில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது (தலைவலி என்று வந்த சேல்ஸ் தம்பி, அவனுக்கும் எனக்கும் இன்றுவரை நேருக்கு நேர் பேச்சில்லை). அதற்கப்புறம் பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் அக்கா வாசலில் மாப்பைக் குறுக்கே வைத்து நின்றுவிடுவார். “தரை ஈரம், அப்புறமா வாங்க சார்.” மூன்று வாரத்தில் அந்த ஒரு பத்தடித் தரை துடைக்கப்பட்ட அளவுக்கு ஆபீசில் எந்தத் தரையும் துடைக்கப்படவில்லை. அவர் தன் இரண்டு பிள்ளைகளையும் மூன்றாம் மாதமே மாமியாரிடம் விட்டு வேலைக்கு வந்தவராம். “பாத்ரூம்ல பீச்சிக் கொட்டுவேன்மா, என்ன பண்றது” என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார்.

எடுத்த பாலை வைப்பது அடுத்த கதை. 25 டிகிரி அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். சென்னை ஜூனில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் எடுத்த உடனே ஃப்ரிட்ஜ், சாயங்காலம் ஐஸ் பேக் வைத்த பையில் வீடு. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம், அதுவும் உள்தட்டில். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். இதெல்லாம் தெரிந்தும் முதல் வெள்ளிக்கிழமை குரோம்பேட்டை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் 180 மில்லியை ஆபீஸ் ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டேன். திங்கள் காலை வரைதானே, தாங்கும் என்று தேற்றிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடக்கிறது, பிளக் பிடுங்கியிருக்கிறது. வெள்ளி இரவு தோறும் கரண்ட் மிச்சம் பிடிக்க அணைத்துவிடுவார்களாம். கொட்டினேன். அழுதேன். இரண்டும் ஒரே வாஷ்பேசினில்.

இதை வீட்டில் சொன்னபோதுதான் அம்மாவும் தன் பங்கை ஒப்புக்கொண்டார். வியாழனன்று அனுப்பிய பாலில் மேலே தனியாக, கீழே தனியாகப் பிரிந்து நின்றதாம். “திரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்டி. கால் படாத எடமாப் பார்த்து முருங்கை மரத்துக்கு ஊத்திட்டேன்.” குளிர்ந்தால் கொழுப்பு மேலே ஏடு கட்டும், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும், கெட்டுப் போனதில்லை. அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை வைத்தால் போதும் என்றெல்லாம் சொல்லியிருந்தேன், ஏடு கட்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் இதை முதல் நாளே காட்டிவிடுங்கள். எங்கள் முருங்கை மட்டும் அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது.

ஜூன் 19. சென்னையில் விடிய விடிய மழை, பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் டிபார்ட்மெண்டில் வந்து சேர்ந்தது நானும் இன்னொருவரும். மறுநாள் இருபதாம் தேதி, ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அது போதாதென்று, இருபதாம் தேதி காலை பையைத் திறந்தால் பம்பின் வால்வு இல்லை. நகம் அளவு வெள்ளை ரப்பர். வீட்டில் சிங்க் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் நாலாயிரம் ரூபாய் பம்ப் வெறும் சத்தம்தான் போடும். மதியம் ஆட்டோ பிடித்து மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். பம்ப் இருக்கிறது, வால்வு தனியாக இல்லை. ஆட்டோவுக்கு 220 ரூபாய்.

பிரசவ வார்டில் நர்ஸ் கையால் எடுக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்: கட்டைவிரலும் மற்ற விரல்களும் சி மாதிரி, கறுப்பு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து. அப்போது அலட்சியமாகக் கேட்டது அன்றைக்குக் கைகொடுத்தது. ஆனால் ஒரு தடவைக்குத்தான் நேரம் கிடைத்தது. மூன்றரை மணி இடைவேளை ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்ததில் போய்விட்டது. இரவு ஏழரைக்கு ரிட்டர்ன் ஃபைல் ஆனபோது இடது பக்கம் கல் மாதிரி. ராத்திரி 102 ஜுரம்.

பக்கத்து வீட்டு அத்தை அன்போடு மல்லிப்பூ கொண்டுவந்தார், வைத்துக் கட்டச் சொல்லி. அது பாலை வற்ற வைக்கக் கட்டுவது! பால் கட்டிக்கொண்டதற்கு அதைச் செய்து ஏமாந்துவிடாதீர்கள். சூடாக ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்க்க அம்மா தயாராக நின்றார். டாக்டர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்: அழுத்தித் தேய்க்காதே, குளிர்ந்த ஒத்தடம் கொடு, குழந்தைக்கு ஊட்டுவதை நிறுத்தாதே, நாளை மறுநாளும் ஜுரம் விடாவிட்டால் திரும்பி வா. இரண்டு நாள் லீவு. மகள் வேளைக்கு வேளை குடித்தே சரிசெய்துவிட்டாள்.

அந்த லீவு மெயிலில் காரணத்தை முழுசாக எழுதினேன். ‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று எழுதவில்லை. அலுவலகத்தில் பால் எடுக்க இடமும் நேரமும் கிடைக்காததால் பால் கட்டி ஜுரம், மருந்துச் சீட்டு இணைப்பு. அட்மின் மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் நகல். அவர் கேட்ட டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கிடைத்த மாதிரி ஆயிற்று. திங்கட்கிழமை, ஜூன் 26, மகளுக்கு ஆறு மாதம் நிறையும் அன்று, அட்மினிலிருந்து பதில்: ‘சிக் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது.’

ஓடிப் போய்ப் பார்த்தேன். புத்தம் புது ஸ்டீல் தாழ்ப்பாள். வெளிப்பக்கம்.

கார்பெண்டர் மேல் தப்பில்லை, அவரிடம் சொன்னது ‘கதவுக்குத் தாழ்ப்பாள்’ என்று மட்டும். எதற்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் ஹவுஸ்கீப்பிங் அக்காவே அவரைக் கையோடு கூட்டிவந்து, “உள்ளாற போடுப்பா, பால் எடுக்கற பொண்ணு இருக்கு” என்று பளிச்சென்று சொல்லி, கூடவே நின்று போடவைத்தார். வெளியே போட்டதைக் கழற்றினால் ஓட்டை தெரியும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜூலையில் ஒரு நாள், ரவுண்ட்ஸ் வந்த புது செக்யூரிட்டி, அறை காலி என்று நினைத்து அந்த வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே. அக்காவுக்கு போன் போட்டால் அவர் ஐந்தாவது மாடியில். “இருமா, லிஃப்ட்டு இல்ல, மெல்ல வரேன்” என்றார். நானும் ஒன்றும் அவசரமில்லை அக்கா என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தைந்து நிமிடம். தட்ட யாருமில்லை, கூப்பிட யாருமில்லை. அன்றைக்கு 190 மில்லி. ஆபீசில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வந்ததே இல்லை.