அம்மாவின் இடது முட்டி

ஜூன் 3
செயற்கை முட்டி வைத்த பழைய தழும்பின் ஓரத்தில் கடுகளவு ஓட்டை. சீழ் கசிகிறது. அதன்மேல் மஞ்சளை அப்பி எத்தனை நாளாக மறைத்தாளோ.

ஜூன் 5
ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். இரண்டு வாரம் கழித்துத்தான் முட்டியில் ஊசி குத்தி நீர் எடுப்பாராம். மாத்திரை உடம்பில் இருந்தால், லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் அது சிக்காது. இதுநாள் வரை தின்றதெல்லாம் வீக்கத்தை அமுக்கி வைத்ததுதான் மிச்சம்.

ஜூன் 6
சர்க்கரை 240.

ஜூன் 26
ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோலிலும் சும்மா கிடக்கிற கிருமியாம். உலோகத்தில் ஒட்டிப் படலம் கட்டிக்கொண்டால் மருந்துக்கு மசியாது. திறந்து அலசி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதாதா என்கிறான் அண்ணன். தொற்று வந்த சில வாரத்துக்குள் என்றால் சரியாம். இப்போது முழுசாகக் கழற்ற வேண்டும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “கழட்டினத கையில தருவாங்களா? அத்தனை காசு குடுத்தது.”

ஜூன் 27
தூக்கம் இல்லை. ஹாம்பர்க்கில் 1970-களிலிருந்தே கழற்றுவதையும் புதிது வைப்பதையும் ஒரே ஆபரேஷனில் முடிக்கிறார்கள் என்று அண்ணன் அனுப்பியிருக்கிறான். இங்கேயும் செய்வார்களாம், தோலும் சதையும் நன்றாக இருக்க வேண்டும். ஓட்டை, சர்க்கரை இரண்டும் இருப்பதால் அம்மாவுக்கு இரண்டு ஆபரேஷன்தான் பத்திரம் என்கிறார் டாக்டர். முதலில் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் வைப்பது. ஆறு வாரம் நரம்பில் மருந்து. கிருமி போனது உறுதியானால் புது முட்டி. அந்த இடைப்பட்ட நாளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பாத்ரூமுக்கு எப்படிப் போவாள்? புது முட்டியிலும் தொற்று வந்தால்? எலும்போடு எலும்பைச் சேர்த்து, மடக்கவே முடியாத காலாக்கி விடுவது என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அடுத்ததை அவர் சொல்ல ஆரம்பித்தபோது நான் பில் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

ஜூலை 4
முடிந்தது. மூன்று மணி நேரம்.

ஜூலை 5
“தந்தாங்களா?” லேபுக்குப் போயிருக்கிறது, அதிர வைத்துப் படலத்தை உதிர்த்துக் கிருமி பார்ப்பார்கள் என்றேன். “பார்த்துட்டுத் தரட்டும்.”

ஜூலை 9
நரம்பில் ஏற்றும் மருந்து, வான்கோமைசின், வேகமாக ஏறிவிட்டது. முகம், கழுத்து, மார்பெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. நிறுத்தி, அப்புறம் மெதுவாக விட்டார்கள். இப்போதெல்லாம் சொட்டை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கிரியாட்டினின் 1.1. சிறுநீரகம் தாங்குகிறது.

ஜூலை 15
ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 96 இருந்தது 41! அண்ணனுக்கு உடனே போட்டோ. ஆஸ்பத்திரி கேன்டீன் காபிகூட இன்று நன்றாக இருந்தது.

ஜூலை 22
சி.ஆர்.பி. 44. “பார்க்கலாம்” என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். மூன்று கூடியதற்கெல்லாம் அர்த்தம் உண்டா என்று அண்ணனைக் கேட்டால் கட்டுரை அனுப்புகிறான். வேண்டாம்.

ஜூலை 23
வாக்கரோடு ஜன்னல் வரை போனாள். திரும்பும்போது திட்டு எனக்கு. நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்க வருவார்கள். அதற்கு முன்னால் இட்லி கொடுக்கலாமா, கேட்க வேண்டும்.