இறால் கம்பெனியில் பாலியல் தொல்லை: மேனேஜர் முதலில் பார்க்க வேண்டியது தராசை

இறால் உரிக்கும் பெண்ணுக்குக் கூலி கிலோ கணக்கில் என்றால், தராசுப் பக்கம் நிற்கும் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவதுதான் அன்றைய சம்பளம். விடியுமுன் ஊருக்குள் வரும் வேனில் யாரை ஏற்றுவது, நாளைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே ஆள் கையில் இருந்தால், தொல்லை கொடுக்க அவர் மிரட்டவே தேவையில்லை. மண்டபம், பாம்பன் பக்கம் கம்பெனி நடத்துபவர்கள் தடுப்பு வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எடை போடுவது ஒருவர், எழுதுவது இன்னொருவர் என்று பிரியுங்கள். எடை போட்டதும் சீட்டு அந்தப் பெண்ணின் கைக்குப் போகட்டும். கடைசியாக இறங்கும் பெண் டிரைவரோடு தனியாக வராதபடி வேன் ரூட்டை மாற்றுங்கள். கம்பெனி ஏற்பாடு செய்த வேனும் சட்டப்படி பணியிடம்தான். உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள், கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு, இரண்டும் இன்றே செய்யக்கூடியவை.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். “ஸ்டாஃப் ஏழு பேர்தான் சார், மத்ததெல்லாம் காண்ட்ராக்டர் ஆளுங்க” என்ற கணக்கு செல்லாது. தினக்கூலி, காண்ட்ராக்ட் எல்லோரும் எண்ணிக்கையில் சேர்த்திதான். குழுவுக்குத் தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளியாள் முதலாளியின் சொந்தக்காரராக இருந்தால் குழுவை யாரும் நம்பமாட்டார்கள். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

புகார் வந்த அன்றைக்குத்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. இரண்டு பேரையும் ஒரே அறையில் கூப்பிட்டு “என்னம்மா, அண்ணன் அப்படிச் செஞ்சாரா?” என்று கேட்டால் அதோடு அந்தப் பெண் வாயைத் திறக்கமாட்டார். “ஏன் அன்னைக்கே சொல்லல?” என்பதும் கூடாது. ஒரு பெண் உறுப்பினர் உடன் உட்கார, தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கக் குழு கடமைப்பட்டது. வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கேமரா பதிவை அன்றே நகலெடுக்க வேண்டும். பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். எடை நோட்டையும் வேன் நோட்டையும் வாங்கிப் பூட்டி வையுங்கள். பெயர் வெளியே கசியக் கூடாது. அவர் போலீசுக்குப் போக விரும்பினால் உதவுவதும் உங்கள் கடமைதான்.

“பாதுகாப்புக்காக” அந்தப் பெண்ணை உரிப்பு மேசையிலிருந்து கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. கிலோ கூலி போய்விடும், புகார் கொடுத்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும். மாற்ற வேண்டியது சூப்பர்வைசரை. இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ அந்தப் பெண்ணே எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைக்கலாம்.

புகாருக்குக் கெடு, சம்பவம் நடந்து மூன்று மாதம். இந்தக் கரையில் இது தனிச் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்து பலருக்கு வேலை இருக்காது. மார்ச் தொடக்கத்தில் நடந்ததை மறுபடி வேலைக்கு வந்து சொல்வதற்குள் கெடு தாண்டிவிடும். காரணத்தை எழுதி வைத்து இன்னும் மூன்று மாதம் நீட்டக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. தேதியைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் “பேசி முடிச்சுக்கலாம்” என்று வருவார்கள். சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் கொடுத்து முடிப்பது கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே பொய்ப் புகாராகவும் ஆகாது.

விசாரணைக்கு 90 நாள், அதன்பின் அறிக்கைக்கு 10 நாள், அறிக்கை கிடைத்து 60 நாளுக்குள் நடவடிக்கை. இதற்கிடையில் வாரம் ஒருமுறை எடை நோட்டைப் பாருங்கள். புகாருக்கு முன் அந்தப் பெண்ணுக்கு எத்தனை கிலோ பதிவானது, இப்போது எத்தனை, வேன் எத்தனை நாள் ஏற்றாமல் போனது? குறைந்திருந்தால் காரணத்தை அன்றே விசாரித்துக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள்.