பச்சை கரண்ட் யாரிடம் வாங்குவது?

பிரிஸ்டலில் எங்கள் வீட்டு மின் ஒப்பந்தம் முடியப் போகிறது. அடுத்து எந்தக் கம்பெனி என்று பார்த்தால், ஆளாளுக்கு, காற்று, வெயில் மாதிரியானவற்றிலிருந்து வரும் '100% பசுமை' கரண்ட் என்கிறார்கள். "எல்லாம் ஒரே ஒயர்லதானே வருது, விலை கம்மியா இருக்கிறதைப் போடுங்க" என்கிறாள் மனைவி. ஒயர் விஷயத்தில் அவள் சொல்வது சரிதான்.

அந்த 100% வரும் விதம்தான் வேடிக்கை. காற்றாலை 1,000 யூனிட் உற்பத்தி செய்தால், மின் சந்தையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் என்ற அமைப்பு, அது பசுமைக் கரண்ட்தான் என்று ஒரு 'ரீகோ' சான்றிதழ் தரும். அதைக் கரண்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். சந்தையில் ஏதோ ஒரு கரண்டை வாங்கி, வேறெங்கோ வாங்கிய ரீகோவைச் சேர்த்தால் பசுமை ஆகிவிடும். சராசரி வீட்டுக்கு வருஷத்துக்கு 2,700 யூனிட், அதாவது மூன்று சான்றிதழ். பல வருஷம் ஒரு சான்றிதழ் ஒரு பவுண்டுக்கும் கீழேதான் விற்றது. அந்தக் காசில் புதுக் காற்றாலைக்கு ஒரு போல்ட்டாவது வருமா?

ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு, "கடைசியா நீங்க கட்டின காற்றாலை எது?" என்று கேட்டேன். பேசிய பெண் வெகுநேரம் தேடிவிட்டு, ரீகோ பற்றிய விளக்கத்தை மெயிலில் அனுப்பினார்.

ஈகோட்ரிசிட்டி, காற்றாலை கட்டியே வளர்ந்த கம்பெனி. அதன் நிறுவனர் டேல் வின்ஸ் 1996இல் ஸ்ட்ரவுட் பக்கம் நிம்ப்ஸ்ஃபீல்டில் முதல் காற்றாலையை நிறுத்தினார். குட் எனர்ஜி என்ற இன்னொரு கம்பெனி, கார்ன்வாலின் டெலபோல் பண்ணையை வாங்கியது. 1991இல் வந்த, பிரிட்டனின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை அது. பழைய பத்து டர்பைன்களை எடுத்துவிட்டுப் பெரிதாக நான்கு வைத்தார்கள். ஆனால் 2022இல் சொந்தப் பண்ணைகளை விற்றுவிட்டார்கள். இப்போது சிறு உற்பத்தியாளர்களிடம் நேரடியாக வாங்குகிறார்கள். வெறும் ரீகோவுக்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் கட்டுவது வேறு.

பெரிய கம்பெனிகளை ஒதுக்கவும் முடியாது. ஸ்காட்டிஷ்பவருக்கு கிளாஸ்கோ பக்கம் வைட்லீ பண்ணையில் மட்டும் 215 டர்பைன்கள். 2018இல் எரிவாயு மின் நிலையங்களை ட்ராக்ஸ் என்ற மின் கம்பெனிக்கு விற்றது. (புகை நிற்கவில்லை, கைதான் மாறியது.) தவிர, இத்தகைய பண்ணைகளுக்கான அரசு ஆதரவுத் தொகை எந்தக் கம்பெனியில் இருந்தாலும் ஒரு பங்காவது நம் பில்லில் வருகிறது. மனைவி சொல்கிற மலிவான கம்பெனிக்குப் போனாலும் அந்தக் காசைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் ஈகோட்ரிசிட்டிக்கே மாறலாம் என்றிருக்கிறேன். அடுத்த ஒப்பந்தத்துக்குள் அவர்கள் புதிதாக எதுவும் கட்டவில்லை என்றால், விலையைப் பார்த்துக் கிளம்பிவிடுவேன்.