பழைய புல்லட் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும்போது: சிலிண்டர் போரைவிட ஆயில் வழி முக்கியம்

சென்னையில் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்து வடிவம்தான் புல்லட் 350-ன் வார்ப்பிரும்பு எஞ்சின். 2010 வாக்கில் தயாரிப்பு நிற்கும்வரை உள்ளே பெரிதாக எதுவும் மாறவில்லை. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. முதன்முறை கை வைப்பவர்கள் எல்லோருக்கும் கவலை போர், பிஸ்டன் மேல்தான். அது லேத்காரர் அளந்து செய்கிற வேலை, பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். புதிதாகச் செய்த எஞ்சின் நூறு கிலோமீட்டரில் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் வழி.

ஆயிலை வடிக்கும்போதே ஒரு தகவல் கிடைக்கும். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க்கேஸின் (கிராங்க் சுற்றும் அடிக்கூட்டின்) பின்பகுதியே டேங்க். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் ஃபீட் பம்ப் (டேங்க்கிலிருந்து ஆயிலை எடுத்துத் தரும் பம்ப்) வழியாக ஆயில் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். டேங்க்கில் குறைவாகவும் கீழே நிறையவும் வந்தால் பம்ப்பை அடைக்கும் வட்ட டிஸ்க் சரியாக உட்காரவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிகளில் பல நட்டுகள் பிரிட்டிஷ் த்ரெட். மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மூலை மழுங்கிவிடும். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் செட் ஒன்று வாங்குவதே மிச்சம். ராக்கர் பிளாக்குகள் (வால்வை அழுத்தும் ராக்கரைத் தாங்குபவை) ஜோடி ஜோடியாகச் செய்தவை. இன்லெட்டுடையதை எக்ஸாஸ்டுக்கு மாற்றக் கூடாது, மேல் பாதியையும் கீழ் பாதியையும் கலக்கக் கூடாது. தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

ஹெட் கழன்ற பின் பேரல் (சிலிண்டர்) அசையவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். டேப்பட் கவருக்கு உள்ளேயும் நட்டு இருக்கிறது. பேரலைத் தூக்கும்போதே கிராங்க்கேஸ் வாயில் துணி அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின் சர்க்ளிப் துள்ளி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும்.

கன்ராடை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) டாப்பில், அதாவது உச்சியில், நிறுத்தி நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம், அது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் கையில் உணரும்படி இருந்தால் பிக் எண்ட் (கன்ராடு கிராங்க்கோடு சேரும் கீழ்முனை பேரிங்) போய்விட்டது. இதில் இருப்பது ரோலர் அல்ல, ஃப்ளோட்டிங் புஷ் (ஆயில் படலத்தில் சுழலும் வளையம்). ஆயில் தடையில்லாமல் வந்தால் வெகுகாலம் உழைக்கும், நின்றால் நிமிடங்களில் தேயும். ரோலருக்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. மிதமாக ஓட்டுகிற வண்டிக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. கிராங்க் சேர்த்ததும் இரண்டு பக்க ஷாஃப்டிலும் டயல் கேஜ் வைத்து ஓட்டம் (சுற்றும்போது ஷாஃப்ட் விலகும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.-க்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டைமிங் பக்கம் கிராங்க் நுனியில் உள்ள வார்ம் நட்டு (திருகு போன்ற பல் கொண்டது) இடதுகை த்ரெட். வழக்கம்போல் கழற்ற நினைத்து அழுத்தினால் இறுகித்தான் போகும், த்ரெட்டும் உரியும். அதே வார்ம்தான் பம்ப் ஷாஃப்டைச் சுற்றுவது, பல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

போருக்கு ஒரே விதி: முதலில் பிஸ்டன், பிறகு லேத். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையோடு கொண்டுபோய், அந்தப் பிஸ்டனை அளந்து போர் போடச் சொல்ல வேண்டும். கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளி) பிஸ்டன் பெட்டியில் உள்ள தாள்படி. ரிங்கை போருக்குள் நேராக இறக்கி அதன் இரு நுனிகளுக்கு இடையிலான வாயை ஃபீலர் கேஜில் பார்த்தால் 0.30 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். குறைந்தால் நுனியை அரத்தால் சிறிது தேய்க்கவும்.

இனி ஆயில் வழி. பம்ப் இரண்டு: ஒன்று டேங்க்கிலிருந்து ஆயிலை எடுத்துத் தரும், மற்றது கீழே சேர்வதைத் திருப்பி அனுப்பும். திருப்பும் பம்புக்குக் கொள்ளளவு அதிகம், இல்லையென்றால் கிராங்க் ஆயிலில் மூழ்கிவிடும். இரண்டிலும் வட்ட டிஸ்க் தட்டையாக உட்கார்ந்தால்தான் கசியாமல் அடைக்கும். டிஸ்க்கில் மெட்டல் பாலிஷ் தடவி, அதன் இடத்திலேயே விரலால் அரைவட்டமாகத் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே மங்கல் நிறம் வர வேண்டும். நடுவில் பளபளப்பு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம். முடித்ததும் மண்ணெண்ணெயில் கழுவுவது கட்டாயம், பாலிஷ் துகள் உள்ளே போனால் புஷ்ஷைத் தின்னும்.

அடுத்தது பலர் கோட்டை விடும் இடம். ஃபீட் பம்ப் தள்ளும் ஆயில் ஃபெல்ட் ஃபில்டர் வழியாக வந்து, டைமிங் கவரிலிருந்து கிராங்க் நுனிக்குள் நுழைகிறது. பழைய மாடல்களில் அந்தச் சந்திப்பை அடைப்பது சின்ன கார்க் சீல். அது கிழிந்தாலோ இல்லாமல் போனாலோ ஆயில் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிக் கீழே இறங்கும். திருப்பும் பம்ப் அதை அள்ளி மேலே அனுப்பும், ராக்கருக்கும் ஆயில் ஜோராக வரும். பிக் எண்டில் மட்டும் சொட்டு இருக்காது. ராக்கர் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை (ஆயில் செல்லும் துளையுள்ள போல்ட்) தளர்த்திப் பார்த்து திருப்திப்படுபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்: அங்கே வருவது திரும்பும் ஆயில். கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சீல் புதிது போடுங்கள், சில ரூபாய்தான். கேஸ்கெட் பசையும் மெலிதாக மட்டும், பிதுங்கியது காய்ந்து ஆயில் ஓட்டையில் அடைக்கும்.

சேர்க்கும்போது கேம் சக்கரப் புள்ளிகளைப் பினியன் குறிகளோடு பொருத்தி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே கவர் மூடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டில், இரண்டு மூன்று சுற்றாக, 24 அடி-பவுண்டு வரை இறுக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் டாப்பில் (இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை), புஷ்ராட் விரலால் சுற்ற வேண்டும், மேல்கீழ் ஆடக் கூடாது. சுற்றவில்லை என்றால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். பாயிண்ட் (தீப்பொறிக்கான தொடுமுனை) இடைவெளி 0.35–0.40 மி.மீ. பிஸ்டன் டாப்புக்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இக்னிஷன் போட்டு மெல்ல நகர்த்தினால் ஆம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும், அதுதான் திறக்கிற நொடி.

ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்புங்கள். பிளக்கைக் கழற்றி கிக்கரை அடித்துக்கொண்டே ஃபில்டர் மூடியைச் சற்றுத் தளர்த்தினால் அங்கே ஆயில் கசிய வேண்டும். இதுதான் ஃபீட் பம்புக்கான சோதனை. ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள், முறுக்க வேண்டாம். எல்லா இணைப்பிலும் ஆயில் வியர்த்தால் கேஸ்கெட்டைக் குறை சொல்லும் முன் பிரீதரை (கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் வழி) பாருங்கள். அதன் ரப்பர் வாய் ஒட்டிக்கொண்டால் கேஸில் அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளும்.

முதல் சூட்டுக்குப் பின் ஆற வைத்து ஹெட் நட்டும் புஷ்ராடும் மறுபடி சரிபார்க்க வேண்டும். 500 கி.மீ. வரை ஐம்பதுக்குள் ஓட்டி, டாப் கியரில் திணற விடாமல், பிறகு 20W50 ஆயிலையும் ஃபெல்ட்டையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பாருங்கள்: சாம்பல் நிற மாவு ரிங் படிவது. வெண்கல நிறத்தில் மின்னினால் ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு டைமிங் கவரைத் திறங்கள்.