பெயரை அடித்தால் திறக்காத ரவுட்டர் பக்கம்

சோமனூர், பல்லடம் பக்கம் பல இடத்தில் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஒரே ஃபைபர் லைன்தானுங்க. வீட்டில் கேபிள்காரர் வைத்த மோடம், குடோனில் நாமே வாங்கி மாட்டிய டிபி-லிங்க் ரவுட்டர். வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம் என்று அடி ஸ்டிக்கரில் இருக்கும் டிபிலிங்க்வைஃபை.நெட் என்ற பெயரை போனில் அடித்தால் திறக்காது. உடனே ரீசெட் ஓட்டையில் ஊக்கைக் குத்திடாதீங்க, போட்டு வைத்த செட்டிங் எல்லாம் அழிஞ்சு போகும்.

அந்தப் பெயருக்கு எண் (ஐபி முகவரி) என்ன என்று போன் கேட்கும்போது (இப்படிப் பெயருக்கு எண் சொல்வதைத்தான் டிஎன்எஸ் என்பாங்க), ரவுட்டர் கேள்வியை வெளியே விடாமல் தன் எண்ணையே பதிலாகத் தரும். அவ்வளவுதான் சங்கதி. கேள்வி ரவுட்டரிடம் போகாவிட்டால் பக்கமும் வராது.

அதனால் முதலில் மொபைல் டேட்டாவையும், நெட்டை வேறு சர்வர் வழியே சுற்றிவிடும் விபிஎன்னையும் அணைச்சுடுங்க. லைன் கட்டாகி வைஃபையில் நெட் இல்லாவிட்டால், போன் சொல்லாமலே டேட்டாவுக்குத் தாவும். ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் வேறு சர்வர் பெயர் போட்டிருந்தால் கேள்வி நேராக அங்கே போய்விடும். அதையும் ஆஃப் பண்ணுங்க. பெயருக்கு முன்னால் எச்டிடிபி (http://) சேர்த்து அடிங்க, இல்லாவிட்டால் சில பிரவுசர் கூகுளில் தேடப் போயிடும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால், குடோன் ரவுட்டர் ஏபி மோடில் (வீட்டு மோடத்தின் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் மோடு) இருக்கிறதா பாருங்க. நாங்க பார்த்ததில் அதிகம் சிக்குவது இங்கேதான். ஏபி மோடில் போனுக்கு எண்ணும் டிஎன்எஸ்ஸும் கொடுப்பது வீட்டு மோடம். அதற்கு டிபி-லிங்க் பெயர் தெரியாது. போனின் வைஃபை விவரத்தில் காட்டும் கேட்வே எண்ணை அடித்தாலும் மோடம் பக்கம்தான் வரும். மோடத்துக்குள் போய், இணைந்த கருவிகள் பட்டியலில் ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள மேக் எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) தேடினால் ரவுட்டரின் எண் பக்கத்திலேயே இருக்கும். அதில் நுழைந்து, லேன் பகுதியில் மாறாத எண் ஒன்று கொடுத்துடுங்க. மோடம் 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.2 வைக்கலாம், மோடம் மற்ற கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண் வரிசைக்குள் அது வரக்கூடாது.

பழைய ரவுட்டரில் டிபிலிங்க்லாகின்.நெட் என்று இருந்தால் அந்தப் பெயரை அடிக்கவே வேண்டாம். அது கம்பெனி கையை விட்டுப் போனது 2016லேயே வெளியே தெரிந்துவிட்டது. ரவுட்டரின் எண்ணையே அடிங்க.

குடோனில் பஞ்சு படிந்து ஸ்டிக்கரே தெரியாமல் போகும். துடைத்துவிட்டு, புது எண்ணை மார்க்கரில் ரவுட்டர் மேலேயே எழுதிடுங்க.